வெள்ளச்சிக்குப் போட்ட ஊசி

காலை ஏழு மணி. கடைசிக் கொட்டிலில் வெள்ளச்சி செத்துக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பலராமன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். செத்த குதிரைக்கு இனி ஈ கடித்தால் என்ன என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

உதவி ஆய்வாளர் அஞ்சலாட்சிக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசி காலத்தில் குதிரைக் கேஸா என்று ஸ்டேஷனில் சிரித்துத்தான் அனுப்பினார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. மகள் பிரான்சுக்குப் போன பிறகு முதலியார்பேட்டை வீட்டில் பேச ஆளில்லை. இங்கேயாவது நாலு பேர் பதில் சொல்வார்கள்.

அது குதிரைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கூடம். மருந்து திருடு போனதாகப் புகார் கொடுத்த ஆராய்ச்சியாளர் தெய்வசிகாமணி பின்பக்கக் குவார்ட்டர்சில் தனியாக இருந்தார். குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் பலராமன்.

"அஞ்சு குதிரை மேடம்," என்றார் தெய்வசிகாமணி. "நாலுக்கு மழைக்கு முன்னாடி ஊசி போட்டேன். வெள்ளச்சி லேட்டா வந்துச்சு, மழை விட்டப்புறம் போட்டேன். பீச்சுல சவாரி விடுற குதிரைங்ககிட்டேருந்து காய்ச்சல் வந்துது. நாலும் லேசா இருமிட்டு எழுந்துடுச்சு. இது எழுந்திரிக்கல."

"மருந்து வேலை செய்யலியா?"

"செய்யும். உள்ள போயிருந்தா. காய்ச்சலுக்கு முன்னாடி எடுத்த ரத்தத்தையும் பாத்துட்டேன். அந்த நாலு ரத்தத்துலயும் கிருமிய எதிர்க்கிற சக்தி நல்லா வந்திருக்கு. வெள்ளச்சிக்கு ஊசி போட்ட அடையாளமே இல்ல."

"பலராமன் மருந்த வித்துட்டு, புட்டியில தண்ணி ஊத்தி வச்சாருங்கிறீங்க."

"நான் சொல்லல. ரத்தம் சொல்லுது."

சொல்லும்போது அவர் கொட்டில் பக்கம் திரும்பவில்லை.

அஞ்சலாட்சி பலராமனிடம் போனாள்.

"ஃப்ரிட்ஜ் சாவி யாருகிட்ட?"

"என்கிட்டயும் டாக்டருகிட்டயும்."

"சவாரிக்காரங்க மருந்து கேட்டாங்களாமே?"

"கேட்டாங்க. குடுக்கல."

"ஊசி போட்டது?"

"டாக்டரு. நான் தலையப் புடிச்சிக்கினேன். அது என் தோள்ல மூஞ்சிய வச்சிக்கினு பேசாம நின்னுச்சி." ஒரு ஈயை ஓட்டிவிட்டு, "இன்னிக்கே கூட்டிக்கினு போயிடுவீங்களா?" என்று கேட்டார். "இத பொதைக்கிற வரைக்கும் இருந்துட்டு வரேனே."

ஜெயிலை விட அந்தக் குழிதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஃப்ரிட்ஜ் கதவில் தெய்வசிகாமணி கைப்பட எழுதிய தாள் ஒட்டியிருந்தது: 'குளிர வையுங்கள். உறைய விடாதீர்கள்.' ஆராய்ச்சி முடியும்வரை மிச்ச மருந்தைத் தூக்கிப் போடக்கூடாது என்பது அங்கே விதி. வெள்ளச்சியின் புட்டியையும் மற்றக் குதிரைகளின் புட்டி ஒன்றையும் கையில் வாங்கி, நன்றாகக் குலுக்கி மேசைமேல் வைத்தாள்.

"மழையில கரண்ட் போச்சாமே?"

"வெள்ளச்சிக்கு வச்சிருந்த புட்டிய மட்டும் ஐஸ் பெட்டிக்கு மாத்திட்டேன். மருந்து சூடே ஆகல," என்றார் தெய்வசிகாமணி.

பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தாள். ஒரு புட்டியில் மருந்து பால்போல் கலங்கியே நின்றது. வெள்ளச்சியின் புட்டியில் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் திரிதிரியாக வெள்ளை வண்டல்.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு தெர்மாகோல் பெட்டி கிடந்தது. கட்டியிருந்த கயிறு, கயிறே அல்ல. பழைய புடவையிலிருந்து கிழித்த பச்சைக் கரை. திறந்தால் மீன் வாடை. அடியில் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

பதினோரு மணி. பெரிய மார்க்கெட்டில் மீன் வியாபாரம் ஓய்ந்துகொண்டிருந்தது. பெட்டியோடு நாலைந்து பேரிடம் கேட்டதும், மூலையைக் கை காட்டினார்கள். அங்கே அடுக்கியிருந்த பெட்டிகள் எல்லாம் புடவைக் கரையால் கட்டியிருந்தன. நடுவில் உட்கார்ந்திருந்தவள் பச்சையம்மாள்.

"எம் பொட்டிதாம்மா. எம் புள்ள எடுத்துனு போனான். தெய்வசிகாமணி. பெரிய டாக்டரு." முகம் மலர்ந்தது. "அந்த மழையில வந்தான். வந்து எம்மாம் நாளாச்சு தெரியுமா. ஏதோ மருந்தாம், ஐஸ்ல வைக்கணும்னான். சாப்புட்டுப் போடான்னேன், நிக்கல."

"நீங்களே அடுக்கிக் குடுத்தீங்களா?"

"பின்ன? வெறும் ஐஸ் எம்மாம் நேரம் தாங்கும்? தூரமாப் போற மீனுக்கு ஐஸோட உப்பு போடுவோம், கல்லாட்டம் ஆயிடும். மருந்தச் சுத்தி கை நெறைய அள்ளிப் போட்டேன்." அவள் குரலைத் தணித்தாள். "ஏம்மா, ஐஸ் நல்லா தாங்குச்சாமா?"

அஞ்சலாட்சி பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். மகளிடமிருந்து போன் வந்தும் நாளாகிவிட்டது என்பது அந்த இடத்தில் போயா நினைவுக்கு வர வேண்டும்.

மாலை நாலு மணி. அவள் இரண்டு புட்டிகளையும் மறுபடி குலுக்கி, தெய்வசிகாமணியின் முன்னால் வைத்தாள். வெள்ளச்சியைப் புதைத்துவிட்டு வந்த பலராமன் கதவோரம் நின்றார்.

"வெறும் தண்ணி ஊத்தியிருந்தா இந்த வண்டல் எங்கேருந்து வரும்? உள்ள இருக்கிறது உங்க மருந்துதான். உறைய விடாதீங்கன்னு எழுதினது நீங்க. உறைஞ்சா என்னாவும், சொல்லுங்க."

அவர் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்து திரிஞ்சு அடியில தங்கிடும். அப்புறம் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்."

"கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜ்ல எதுவும் உறையாது. வெறும் ஐஸ்லயும் இப்படி உறையாது. ஐஸோட உப்பு சேர்ந்தா உறையும். பெட்டியில உப்பு பூத்திருக்கு. ராத்திரி பூரா அது உங்க ரூம்ல இருந்துது. காலையில திறந்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"கல்லா இருந்துச்சு," என்றார். "வெளிய சொன்னா, புது மருந்து வர்ற வரைக்கும் ஆராய்ச்சிய நிறுத்திடுவாங்க. ஒரு குதிரைதானே, காய்ச்சல் வராதுன்னு நினைச்சேன். உருக்கிப் போட்டுட்டேன். செத்தப்புறம் வாய் வரல."

"அந்தப் பழிய இவரு தலையில போட மட்டும் வாய் வந்துது. குத்தவாளி நீங்கதான் டாக்டர். அன்னிக்கே சொல்லியிருந்தா குதிரையும் பொழச்சிருக்கும், உங்க மருந்துக்கும் கெட்ட பேர் வந்திருக்காது. நாலு குதிரைய அது காப்பாத்தியிருக்கு."

பலராமன் வெளியே போய், காலியான கொட்டிலில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார். பாதியில் நினைவு வந்து குழாயை மூடிவிட்டு, அப்படியே நின்றார். ஜன்னல் வழியாகத் தெய்வசிகாமணி அதைப் பார்த்தார்.

"உங்க அம்மாவப் பாத்தேன்," என்றாள் அஞ்சலாட்சி.

அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். "அவங்களுக்குத் தெரியுமா? குதிரை..."

"தெரியாது. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. ஐஸ் நல்லா தாங்குச்சான்னு."

அவர் சொன்னார்: "நல்லா தாங்குச்சுன்னு சொல்லிடுங்க மேடம்."

"நான் சொல்ல மாட்டேன்." அவள் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஸ்டேஷனுக்கு மார்க்கெட் வழியா போறேன். இறங்கி நீங்களே சொல்லுங்க."