கருப்பிக்கு இன்னும் நாள் இருக்கிறது

ஐம்பத்திரண்டு மணி நேரமாகக் கருப்பி ஒன்றும் சாப்பிடவில்லை.

அவன் சொன்ன முதல் வாக்கியமே அதுதான். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கும் ரத்தப் பரிசோதனை லேபில், கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சுகந்தி தலை நிமிராமலே கேட்டாள்.

“பேஷன்ட் பேரு?”

“கருப்பிங்க.”

“வயசு?”

“ஒரு வருசம் இருக்குமுங்க.”

பேனா நின்றது. குழந்தைக்கு யார் இப்படிப் பெயர் வைப்பார்கள்...

“கூட்டிட்டு வந்திருக்கீங்களா?”

அவன் மழைக்கோட்டுக்குள் கையை விட்டு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தான். மூடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள். உள்ளே ஒரு கறுப்பு மோலி மீன், அடியில் ஒடுங்கி நின்றது.

பின்னால் ஊசி அடுக்கிக்கொண்டிருந்த, கூட வேலை பார்க்கும் மலையாளி ஷைனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இது ரத்தம் பாக்கற லேபுங்க” என்றாள் சுகந்தி.

“தெரியுமுங்க. போன மாசம் எங்கம்மாவுக்கு சுகர் பாக்க வந்தேன். அப்ப அந்தத் தொட்டியைப் பாத்தேன்.” காத்திருப்போர் இடத்தில் இருந்த மீன்தொட்டியைக் காட்டினான். “ஒரு மீன்கூட சோர்ந்து நிக்கலை. இங்க யாருக்கோ மீனைப் பத்தி நல்லாத் தெரியும்னு தோணுச்சு.”

அந்தத் தொட்டி சுகந்தியுடையது. விலங்கியல் படித்துவிட்டு, சர்க்கரை அளவு எழுதிக்கொண்டிருப்பவள், தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே இடம். மூன்று வருடத்தில் எத்தனையோ பேர் அதன் முன்னால் உட்கார்ந்து போனில் பேசியிருக்கிறார்கள். ஒருவரும் இப்படிப் பார்த்ததில்லை.

நிமிர்ந்தாள். இமையில் மழைத்துளி... அதற்குக் கீழே தூங்காத கண்கள். மீனுக்காக ஒருவன் தூங்காமல் இருந்திருக்கிறான்.

அவன் பெயர் தினகரன். குந்தா மின்நிலையத்தில் ஆபரேட்டர். குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தான். ஜோடி மீன் வாங்கியிருந்தான். ஆண் மீன் செத்துவிட்டது.

“என்ன பண்ணுது?”

“ஹீட்டருக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குதுங்க. கூப்பிட்டா வர்றதில்ல. திடீர்னு கண்ணாடியை ஒட்டி மேலயும் கீழயும் ஓடுது. குளுருதோன்னு தொட்டியைச் சுத்திக் கம்பளி போத்துனேன். கொஞ்சம் வெந்நியும் ஊத்துனேன்.”

“வெந்நியா?” தன் குரல் இவ்வளவு உயரும் என்பது சுகந்திக்கே தெரியாது. “தண்ணி என்ன சூடோ அதுதாங்க மீனோட சூடு. திடுதிப்புன்னு ஊத்துனா எப்படித் தாங்கும்? கொன்னுருப்பீங்க.”

“தெரியாமப் பண்ணிட்டனுங்க.”

சண்டைக்கு வருவான் என்று நினைத்தாள். தலையைக் குனிந்துகொண்டான். அது அவளை என்னவோ செய்தது...

டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தாள். கறுப்பு மோலியில், சினையைக் காட்டும் வயிற்றுப் பொட்டு தெரியாது. வடிவத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். வயிறு உருண்டையாக இல்லை, பெட்டி போலச் சதுரமாக இறங்கியிருந்தது.

“நோய் இல்லீங்க. மாசமா இருக்கு. நாள் நெருங்கிருச்சு. அதான் மறைவிடம் தேடுது.”

“அதெப்படிங்க? ஆம்பள மீன் செத்து ரெண்டு மாசமாச்சே.”

பதில் தெரியும். பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். ஆனால் எதிரே ஓர் இளைஞன் நிற்கும்போது... காது மடல் சுட்டது.

“அது... சேர்த்து வச்சுக்குமுங்க.”

“எதை?”

ஷைனா இருமினாள். “சொல்லு சுகந்தி. சார் கேக்கறாரில்ல.”

“ஆண் மீன் குடுத்ததை... உள்ளயே பத்திரமா வச்சுக்கும். மாசக்கணக்கா. அது செத்ததுக்கு அப்புறமும் குட்டி போடும்.”

அவன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாவம், தனியா இருக்காளேன்னு நெனச்சேன்...” என்றான் மெல்ல. “எம்மாம் பெரிய ஆளுங்க இவ.”

சுகந்திக்கு அந்தக் கணத்தில் அவனைப் பிடித்துப்போனது. அவளுக்கே அது உடனே தெரியவில்லை.

“இன்னொரு தடவை மலை ரோட்டுல வளைவு வளைவா ஆட்டிட்டுப் போகாதீங்க. இங்கயே விட்டுட்டுப் போங்க. குட்டி போட்டதும் சொல்றேன்.”

“புதன்கிழமைதான் எனக்கு லீவு. வந்து பாக்கலாமுங்களா?”

“மீனையா?” என்றாள் ஷைனா.

“மீனைத்தானுங்க” என்றான், கொஞ்சம் அவசரமாக.

மூன்றாம் நாள் காலை, பின்னறை ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியில், கருப்பி செடிக்கு அடியில் அசையாமல் நின்றாள். பிறகு ஒரு சிலிர்ப்பு. மிளகு போல ஏதோ விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது, பாதியில் மடிப்புப் பிரிந்து வாலை உதறியது... நீந்தி மேலே வந்தது. யாரும் கற்றுத்தரவில்லை. பிறந்து ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. சுகந்தி கண்ணாடியில் நெற்றியை வைத்து அப்படியே இருந்தாள். இருபத்து மூன்று.

பசித்தால் தாயே குட்டிகளைத் தின்றுவிடும். குட்டிகளை வேறு தொட்டிக்கு மாற்றி அலமாரிக்குக் கீழே வைத்தாள். தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து முட்டை மஞ்சள் கருவைத் துளி கரைத்து விட்டாள். போனை எடுத்தாள்.

அவன் கொடுத்துவிட்டுப் போன எண் வந்தது. விரல் நின்றது.

சொன்னால் வருவான். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போவான். அப்புறம்? குந்தாவிலிருந்து ரத்த லேபுக்கு வர ஒருவனுக்கு என்ன காரணம் இருக்கும்?

புதன்கிழமை நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம்...

புதன்கிழமை நனைந்துகொண்டே வந்தான். கையில் புதிய வெப்பமானி. “இனி இதைப் பாக்காம ஒரு சொட்டு ஊத்த மாட்டனுங்க. கருப்பிக்கு?”

“இன்னும் நாள் இருக்குங்க.”

வார்த்தை தானாக வந்தது. ஓர் அளவில் சந்தேகம் வந்தால் மூன்று முறை பார்த்து எழுதுபவள் அவள்.

அவன் பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

“கிட்டப் போகாதீங்க. மாசமா இருக்கறப்ப பயந்துக்கும்.”

படித்தது சரிதான். கருப்பியின் விஷயத்தில் மட்டும் பொய்.

அவன் வாசலிலேயே நின்று, மலைக்கு மேலிருந்து தண்ணீர் இறங்கும் அதிர்வு மின்நிலையச் சுவரில் கை வைத்தால் கையில் ஏறும் என்று சொன்னான். மீன்களும் உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோட்டால் அப்படித்தான் கேட்கின்றன என்றாள் அவள். “அப்படீங்களா!” என்று அவன் கண் விரிந்தது. அவள் படித்ததற்கு அந்தக் கண் விரிந்ததே போதும் போலிருந்தது...

அடுத்த புதனும் வந்தான். “இன்னும் இல்லீங்களா?” “இன்னும் இல்லீங்க.”

“ரிப்போர்ட் ரெடி” என்றாள் ஷைனா, அவன் போன பிறகு. “பார்ட்டி வாசல்ல வந்து நிக்குது. நீ குடுக்க மாட்டேங்கற. எந்தா இது?”

“அடுத்த வாரம் சொல்லிடறேன்.”

“அடுத்த வாரம் அந்தக் குட்டிங்களுக்கே கல்யாண வயசு வந்துரும் மோளே.”

அடுத்த புதன்கிழமை கூட்டம். சுகந்தி ஒருவருக்கு ரத்தம் எடுத்துவிட்டுத் திரும்பியபோது வாசலில் அவன் இல்லை. பின்னறையில், கருப்பியின் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தான்.

“வயிறு வத்திப் போச்சுங்களே.”

சுகந்தி பின்னறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“கலைஞ்சிருச்சு. இல்லீங்களா?” அவன் திரும்பவில்லை. “நான் ஊத்துன வெந்நிதான்.”

“அது...”

“எனக்கு மனசு கஷ்டப்படும்னு இத்தனை நாள் சொல்லாம இருந்திருக்கீங்க. வாரா வாரம் ஒருத்தன் வந்து கேக்கறான், ஒவ்வொரு தடவையும் அவனுக்காகப் பொய் சொல்றது லேசில்லீங்க.” எழுந்தான். கண் சிவந்திருந்தது. “உங்களை மாதிரி நல்ல மனசு நான் பாத்ததில்லீங்க.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“கருப்பியை நீங்களே வச்சுக்கங்க. என் கையில ஒண்ணு செத்துப் போச்சு, இப்ப இதுவும். எனக்கு மீனே வேண்டாமுங்க. இனி உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவன் மனதில் அவள் என்றைக்கும் நல்லவள். ஆனால் அவன் ஒரு பாவத்தைச் சுமந்துகொண்டு மலை ஏறுவான், செய்யாத பாவத்தை. உண்மையைச் சொன்னால் சுமை இறங்கும்... அவளைப் பற்றி இப்போது சொன்னதெல்லாமும் இறங்கும்.

அவன் வாசலைத் தாண்டிவிட்டான்.

“நில்லுங்க.”

ஷைனாகூடத் திரும்பிப் பார்த்தாள்.

“உங்க வெந்நி ஒண்ணும் பண்ணலீங்க. வாங்க... வந்து பாருங்க.”

அலமாரிக்குக் கீழே இருந்த தொட்டியின் துணியை விலக்கினாள். கறுப்பு மணிகள் சிதறி ஓடின. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, தீனி வருமென்று மேலே கூடின.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு விரலைக் கண்ணாடியில் வைத்தான். ஒரு குட்டி வந்து விரலுக்கு எதிரே நின்றது.

“எல்லாம் கருப்பியோடதுங்களா?”

“இருபத்து மூணு. ஒண்ணுகூட சாகலை.”

சிரித்தான். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. மீனைப் பார்த்து ஒருவன் இப்படி அழுவானா... அழுவான். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்ல மிச்சமிருப்பது எத்தனை அசிங்கம் என்று தோன்றியது.

“எப்பங்க போட்டுச்சு?”

“நீங்க விட்டுட்டுப் போன மூணாம் நாளே.”

சிரிப்பு மெதுவாக அடங்கியது. “அப்ப நான் வந்தப்பவெல்லாம்...”

“போட்டிருந்துச்சு.”

“ஏனுங்க சொல்லலை?”

தகரக் கூரையில் மழை இறங்கியது. எத்தனையோ காரணம் இருந்தது. குட்டிகள் தேற வேண்டும், பயணம் ஆகாது, குந்தா குளிர் தாங்காது. எல்லாம் அறிவியல்தான். எதைச் சொன்னாலும் நம்புவான்.

“சொன்னா கருப்பியைக் கூட்டிட்டுப் போயிருவீங்க” என்றாள் சுகந்தி. “அதுக்கப்புறம் புதன்கிழமை வரும்... நீங்க வர மாட்டீங்க. அதுக்குத்தானுங்க சொல்லலை.”