கதவுக்குப் பழைய வெர்ஷன்தான் வேணும்

போன் அலறியது.

மகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் ஸ்பீக்கரில் போட்டாள். அக்கா புருஷன். நகைக்கடைக்காரர்களுக்கு லாக்கர் வாடகைக்கு விடுபவர்.

"சுண்டெலி, உடனே கிளம்பி வா. மேனேஜர் லாக்கர் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டார். கதவு திறக்கலை."

"எப்படி அத்தான்?"

"எனக்கென்ன தெரியும்? நீ வச்சுக் கொடுத்த லினக்ஸ் கம்ப்யூட்டர்தானே கதவைத் திறக்குது, மூடுது. இன்னைக்கு அது யார் பேச்சையும் கேட்க மாட்டேங்குது. உள்ள காத்து எவ்வளவு நேரத்துக்குத் தாங்குமோ..."

இஸ்திரிப்பெட்டியை அணைத்தாள். லேப்டாப்பை அள்ளினாள். ஈரத்தலையோடு ஸ்கூட்டரில் பறந்தாள்.

இரும்புக் கதவுக்கு முன்னால் அத்தான் கூண்டுப்புலி மாதிரி நடந்துகொண்டிருந்தார். சட்டை பட்டன் மாறிப் போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர்.

"கதவை அறுக்க ஆள் கேட்டேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "சாயங்காலம் ஆகும்ங்கறாங்க. அதுவரைக்கும் உள்ள இருக்கறவர் தாங்கணுமே. நீங்கதான் கம்ப்யூட்டர் டாக்டரா?"

"ஆமா மேடம். நோயாளி இந்த மெஷின்தான்."

திரையைப் பார்த்ததுமே விஷயம் பிடிபட்டது. கதவை இயக்கும் மென்பொருள் காலையில் புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. இந்தப் பழைய பூட்டோடு பேசப் புதிய பதிப்புக்குத் தெரியாது.

சுவரில் இருந்த இன்டர்காம் கரகரத்தது.

"யாரு... தங்கச்சியா? மூச்சு முட்டுதும்மா."

"பயப்படாதீங்க சார். பழைய பதிப்பைத் திருப்பிப் போட்டா திறந்துடும்."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கம்பெனிக்காரன் பழைய வெர்ஷனை எடுத்துட்டான். ஆனா வெளியாள் ஒருத்தர் தனி ரெபாசிட்டரியில வச்சிருக்கார். முகவரி சொல்றேன், அடிச்சுக்கோ."

"ரெபாசிட்டரின்னா?" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

"சாஃப்ட்வேர் கிடங்கு மேடம். கம்பெனியே நடத்தினா பயமில்ல. மூணாம் மனுஷன் நடத்துற கிடங்குன்னா, சரக்கு எங்கிருந்து வந்ததுன்னு நாமதான் பார்க்கணும்."

மேனேஜர் முகவரியைச் சொன்னார். நீளமான முகவரி. புள்ளி, கோடு எதுவும் பிசகாமல், பாடம் ஒப்பிப்பது போல.

"சார், சரக்கு அசல்தான்னு காட்டுற கிடங்குக்காரரோட கையெழுத்துச் சாவி சரியானதான்னு பார்த்துட்டு..."

"அதைப் பார்த்துக்கிட்டிருந்தா என் பொணத்தைத்தான் பார்ப்பே. எது கேட்டாலும் 'யெஸ்' போடும்மா!"

அத்தான் அவள் தோளை உலுக்கினார். "போடு சுண்டெலி. ஒரு உயிர்..."

அவள் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. உள்ளே ஒரு மனிதர் மூச்சுக்குத் தவிக்கிறார். சந்தேகப்படும் நேரமா இது?

ஆனாலும் கதவு மெஷினைத் தொடவில்லை. அந்த மென்பொருளைத் தன் லேப்டாப்பில் இறக்கினாள். நிறுவாமல் பிரித்துப் பார்த்தாள்.

பார்த்தவள் உதட்டைக் கடித்தாள். எழுந்து போய் இன்டர்காமை அணைத்தாள்.

"அத்தான், உள்ள காத்துக்கு வழியே கிடையாதா?"

"அவசரத்துக்கு ஒரு குழாய் இருக்கு. போன மாசம்தான் மாட்டினோம். அது போதுமான்னு எனக்குத் தெரியலையே."

"தாராளமா போதும். யாரும் சாக மாட்டாங்க." இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்து படித்தார். அவர் காதோரம் இவள் ஏதோ சொன்னாள். இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

"அப்ப கதவைத் திறக்க வேற வழி?"

"இருக்கு. எப்பவோ இறக்கின பழைய பதிப்பு இதே மெஷின்ல ஒரு மூலையில அப்படியே கிடக்கு. கம்பெனி கையெழுத்தும் சரியா இருக்கு. யாருக்கும் அது ஞாபகம் வரலை, அவ்வளவுதான்."

அதை நிறுவினாள். இனி தானாகப் புதுப்பித்துக்கொள்ளாதபடி பூட்டியும் வைத்தாள். என்டர்.

'க்ளக்.'

கதவு நகர்ந்தது. மேனேஜர் தள்ளாடி வெளியே வந்தார். அத்தானைக் கட்டிக்கொண்டு விசும்பினார்.

"எனக்கு மறு ஜென்மம் சார்... தங்கச்சி, நான் சொன்ன கிடங்குலேர்ந்துதானே எடுத்தே?"

"இல்ல சார். உங்க கடை சரக்கு எனக்கு ஒத்துக்கலை."

விசும்பல் சட்டென்று நின்றது. இன்ஸ்பெக்டரின் கை மேனேஜர் தோளில் விழுந்தது.

"என்னம்மா சொல்றே?" அத்தான் திணறினார்.

"அதை நிறுவியிருந்தா எல்லா லாக்கரோட ரகசிய எண்ணும் வெளியே போயிருக்கும் அத்தான். போய்ச் சேர்ற இடம் இவரோட மெயில். அது நேத்தே தயாரிச்சது. கதவு பழுதானது இன்னைக்குக் காலையில. பழுதாக்கினதும் இவர்தான், அப்டேட் கொடுத்துட்டு உள்ள போய் உட்கார்ந்துட்டார். கம்பெனி அப்டேட்டை இவரே கொடுக்கலாம். வெளிச்சரக்கை நிறுவ என் பாஸ்வேர்டு வேணுமே, அதுக்குத்தான் இந்த நாடகம். ஆள் சாகப் போறார்னா எவ நிதானமா சரிபார்ப்பா?"

"அந்தக் காத்துக் குழாய்..." அத்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இவரே கேட்டு வாங்கினது. எவ்வளவு முன்யோசனைன்னு பாராட்டி சம்பளம் வேற ஏத்தினேனே!"

மேனேஜர் விறைத்துக்கொண்டார். "என்னை எவ்வளவு நாள் உள்ள வச்சிருக்க முடியும்? எந்தக் கதவும் எனக்கு ஒரு அப்டேட் தூரம்தான்."

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"எங்க கதவுக்கு அப்டேட்டே வராது சார். அதுல வெறும் பூட்டுதான்."