மூடிய புகார்

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தபோது, அவன் மூன்று மாதங்களுக்கு முன்பு மூடிய பிழைப் புகார் மறுபடியும் திறந்து கிடந்தது. காலையில்தான் மூடியிருந்தான். நேற்றும் மூடியிருந்தான்.

அது ஓர் அரட்டை ஆப். முகம் தெரியாத நாற்பது ஐம்பது பேர் கூலி வாங்காமல் சேர்ந்து எழுதுவது. அதன் நிரலை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். ஒழுங்காக ஓடும் பதிப்பு ஊருக்கு. தினமும் புதிதாக வருகிற, எது எப்போது புட்டுக்கொள்ளும் என்று எழுதியவர்களுக்கே தெரியாத சோதனைப் பதிப்பு, அவனைப் போன்ற பைத்தியங்களுக்கு. அந்தச் சோதனைப் பதிப்பைத்தான் அம்மாவின் போனில் போட்டு வைத்தான். சாதாரண மனுஷர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அம்மா எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. புகார் எழுதவும் சொல்லிக்கொடுத்திருந்தான். அம்மா எழுதிய ஒரே புகார், எழுத்து பெரிசாக வேண்டும் என்பது.

சோதனைப் பதிப்பில் அனுப்பும் நேரத்தில் சிக்னல் போனால் செய்தி தொலைகிறது, ஆனாலும் போய்ச் சேர்ந்ததாக இரண்டு டிக் விழுகிறது என்று ‘நத்தை’ என்ற பட்டப்பெயரில் ஒருவர் மூன்று முறை எழுதினார். அந்தப் பகுதியை மாற்றி எழுதியவன் அவன்தான், அதைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொண்டும் இருந்தான். ‘எனக்கு அப்படி வரவில்லை’ என்று எழுதி மூன்று முறையும் மூடினான். சோதித்துக்கூடப் பார்க்கவில்லை.

அவன் வெளியூர் போயிருந்த நாளில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்காவுக்கு, ‘விழுந்துட்டேன், வா’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் இரண்டு டிக். கதவை உடைத்தது மறுநாள், எல்லாம் முடிந்த பிறகு. தனக்கு எதுவும் வரவில்லை என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை யாரும் நம்பவில்லை, அத்தான் இன்றுவரை அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவனுக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்து அந்தப் பிழையைச் சத்தமில்லாமல் சரிசெய்து, ‘சில்லறைத் திருத்தங்கள்’ என்று தலைப்பு வைத்துச் சேர்த்துவிட்டான். அதற்குப் பிறகு கண்ணாடி பார்த்துச் சவரம் செய்யவே கூசியது.

இப்போது புகாரின் அடியில் புது வரிகள் இருந்தன. நத்தை எழுதியவை அல்ல. அம்மாவுக்கென்று அவன் திறந்து கொடுத்த கணக்கிலிருந்து, பிழை எப்படி வருகிறது என்பதை அவன் சொல்லிக்கொடுத்தபடியே படிப்படியாக எழுதியிருந்தது. முதலில் ஈரத் தரையில் விழ வேண்டும். பிறகு இடுப்பை அசைக்காமல் போனை எட்ட வேண்டும். மகளுக்கு எழுத வேண்டும். எதிர்பார்த்தது, மகள் வருவாள். நடந்தது என்ற இடம் காலியாக இருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு மூடினான்.

அம்மாவின் துணிகளை எடுத்துப்போக வந்திருந்த அக்கா, உள்ளறையிலிருந்து வந்து மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். ஜன்னலில் பளீரென்று வெயில், தெருவில் ஏதோ வண்டி கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது, ஃபிரிட்ஜின் முனகலுக்கு அடியில் குளியலறைப் பக்கமிருந்து ஊறிப்போன சோப்பின் வாசனை மெதுவாகக் கூடத்துக்குள் வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் தங்கியது.

“நீ கம்ப்யூட்டர் ஆளு, உன்னைத்தான் கேட்கணும்,” என்றாள் அக்கா. “ரெண்டு டிக் விழுந்தா வந்துதானேடா இருக்கும்? நான்தான் பார்த்துட்டு மறந்துட்டேனா? இப்பல்லாம் எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு.”

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு அப்பியிருந்தது, மூன்று மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள். அவன் லேப்டாப்பின் மூடியைச் சாத்தினான்.

“வந்திருக்கும்க்கா,” என்றான். “நீ கவனிச்சிருக்க மாட்டே.”

அவள் தலையாட்டினாள். அழக்கூட இல்லை.

அப்போது அவள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவள் அப்படியே இருந்தாள். அம்மாவின் பெயருக்குக் கீழே ‘எழுதுகிறார்’ என்று வருகிறதாம். அம்மாவின் போன் பீரோவுக்குள் இருந்தது. மூன்று மாதமாகச் சார்ஜ் இல்லை. அக்காவின் போனில் இருப்பதோ ஊருக்குக் கொடுத்த நல்ல பதிப்பு.

சோப்பு வாசனை நெருங்கியது. ஃபிரிட்ஜ் நின்றது. வண்டிச் சத்தமும் நின்றது.

அவன் பிடரியில் ஏதோ பட்டது.

ஒரு விரல் நுனி. ஜில்லென்று. நெடுநேரம் தண்ணீரில் கிடந்து சுருங்கிய தோல்.

தட்டியது. தேடியது. மறுபடி தட்டியது. போனில் எழுத்துகளைத் தேடித்தேடி அழுத்துகிற அதே நிதானம்.

“ஏதோ வருதுடா,” என்றாள் அக்கா.

தட்டு. இடைவெளி. தட்டு. சட்டைக் காலருக்குள் நீர் இறங்கியது. திரும்ப முடியவில்லை.

“தம்பிக்கு,” என்று வாசித்தாள் அக்கா. நிறுத்தினாள். விரல் பிடரியில் நகர்ந்தது, சரியான இடம் கிடைத்ததும் அழுத்தியது. “தெரியும்.”

அக்கா நிமிர்ந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில் எதையோ பார்த்தாள். போனை மேஜையில் வைத்துவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு, மெல்ல எழுந்து நின்றாள்.

“இதோ வந்துட்டேன்மா,” என்றாள்.

விரல் அடுத்த சொல்லைத் தட்டத் தொடங்கியது.