இருபத்தைந்தாவது சொல்

மடிக்கணினியின் கேமரா மீது அவர் ஒட்டியிருந்த கறுப்பு நாடா இப்போது மேசை விளிம்பில் இருந்தது. ஒரு சுருக்கமும் இல்லாமல், மிகுந்த அக்கறையோடு ஒட்டப்பட்டிருந்தது.

"டேப்பை நீ எடுத்தியா?" என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பூட்டிய கதவின் வழியே மனைவியைக் கேட்டார்.

"சாவி உங்க கழுத்துல தொங்குது. நான் என்ன காத்தோட காத்தா நுழைஞ்சா வந்தேன்? கட்டின பொண்டாட்டியைவிட அந்தப் பெட்டிக்குத்தான் காவல் ஜாஸ்தி!" என்றாள் அவள். பிறகு குரல் தணிந்தது. "அஞ்சு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டலைன்னா நாளைக்குப் பொண்ணுக்கு ஆபரேஷன் பண்ண மாட்டாங்கங்க."

"அரை மணி நேரம் பொறு, அனுப்பிடறேன்."

எட்டாண்டுச் சேமிப்பு முழுவதும் கிரிப்டோ நாணயமாக இருந்தது. அதற்கென்றே வாங்கிய அந்தக் கணினியை அவர் ஒருமுறைகூட இணையத்தில் இணைத்ததில்லை. வைஃபை அட்டையையும் தம் கையாலேயே கழற்றியிருந்தார். பணம் அனுப்பும் கட்டளையை இதில் தயாரித்து, பென்டிரைவில் எடுத்துப்போய்க் கடைக் கணினியிலிருந்துதான் அனுப்புவார். சன்னலற்ற இந்தச் சாமான் அறையில், அட்டைப்பெட்டிகளின் ஈரவாடையையும், கணினிக்குள் சுழலும் விசிறியின் மெல்லிய இரைச்சலையும், தம் முதுகில் இறங்கும் வியர்வையையும் தவிர வேறெதுவும் இருக்க வாய்ப்பில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

அந்தப் பணத்தைத் திறப்பதற்கென்று தாளில் எழுதிவைத்திருந்த இருபத்துநான்கு இரகசியச் சொற்களை, வழக்கம்போல் முணுமுணுத்தபடியே தட்டச்சு செய்தார். ஒன்பதாவது சொல்லுக்கு விரல் எழும் முன்பே அது திரையில் இருந்தது.

கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பத்தாவது வந்தது. தாளைக் கவிழ்த்தார். பதினொன்று. பன்னிரண்டு. அணைக்கும் பொத்தானை அழுத்தினார், திரை அணையவில்லை. பணம் போய்ச்சேர வேண்டியதென்று அவர் முதலிலேயே பதிந்திருந்த முகவரியும் மாறிக்கொண்டிருந்தது.

எழுந்து பூட்டில் சாவியை நுழைத்தார். அது திரும்பவில்லை.

"கதவு திறக்க மாட்டேங்குது!"

"உள்ளே பூட்டினது நீங்கதானே? விளையாடாதீங்க, பொண்ணு பயப்படறா."

இருபத்துநான்கும் நிறைந்தன. அடுத்த கட்டத்தில் ஒரு கோடு மட்டும் துடித்தது. இருபத்தைந்தாவது சொல் எந்தத் தாளிலும் இல்லை. தாள் களவுபோனாலும் பணம் போகக் கூடாதென்று, அதை அவர் நெஞ்சில் மட்டுமே வைத்திருந்தார்.

நினைக்கக் கூடாது.

வேறு ஏதாவது. கடை. லென்ஸ் எண்கள். மகளின் முகம். நினைக்கவே கூடாது.

முதல் எழுத்து விழுந்தது.

இரு கைகளாலும் வாயைப் பொத்தினார். இரண்டாவது எழுத்து.

திரையின் கண்ணாடியில் அவருடைய முகம் தெரிந்தது. அதன் வாயை எந்தக் கையும் பொத்தவில்லை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நிதானமாக. எழுத்தெழுத்தாக.