அக்காவின் கைநாட்டு

கபுலன் முனைக்கு நான் வேலைக்கு வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. வெயில் சுள்ளென்று அடித்தது. கையில் வேகவைத்த சேப்பங்கிழங்குப் பொட்டலம், தோளில் பாக்குப் பை, சட்டையில் கம்பெனி கொடுத்த அட்டை. 'மிசியேல், வாயில் காப்பாளர்' என்று அட்டையில் போட்டிருந்தது. முப்பது வருஷம் மீன் பிடித்தவனுக்கு அது பெரிய கௌரவம். வழியெல்லாம் அதைத் தடவிக்கொண்டே வந்தேன்.

வெள்ளை வெள்ளையாய் ஆறு கட்டடங்கள், சுற்றிலும் இரண்டு ஆள் உயரத்துக்கு வேலி. தெற்கே இருக்கிற பெரிய நாட்டுக்குப் பஞ்சம் பிழைக்கவும் உயிர் பிழைக்கவும் படகேறிப் போகிறவர்களைப் பிடித்து இங்கே பூட்டி வைக்கப் போகிறார்கள். தன் வீட்டுச் சண்டையை அடுத்த வீட்டுக் கொல்லையில் கொண்டு வந்து வைக்கிற சாமர்த்தியம் அந்த நாட்டுக்கு உண்டு. முதல் கப்பல் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

உள்ளே புதுப் பெயிண்ட் நாற்றம், ஈர சிமெண்ட் நாற்றம். நடைக்கூடத்தில் பத்தடி போனதும் அவற்றுக்கு அடியில் வேறொரு வாசனை வந்தது. இஞ்சியிலையும் தேங்காயெண்ணெயும்.

எங்கள் பெண்கள் பிணத்துக்குத் தடவுவது அது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலே நடந்தேன். மறைத்து என்ன ஆகப் போகிறது, அந்த வாசனை ஏன் அங்கே வந்தது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

எங்கள் தீவில் மண் ஆண்களுடையது அல்ல. தாயிடமிருந்து மகளுக்குப் போகும். தாய்மாமன்கள் சபையில் பேசலாம், அவ்வளவுதான். கபுலன் முனை என் அக்காவுடையது. அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். செத்தவருக்குக் கடைசி விருந்து வைத்து வழியனுப்பும் வரை பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும். அந்த விருந்து வரைக்கும் செத்தவர் தன் மண்ணில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் எங்கள் கணக்கு. மண்ணும் அதுவரை அவர் பேரில்தான்.

முகாம் கட்ட ஊர்ச் சம்மதம் வேண்டும், அதிலும் மண்ணுக்கு உரியவள் காகிதத்தில் கைநாட்டு வைக்க வேண்டும் என்று கம்பெனி கேட்டது. என் அண்ணன் அப்பேலிசுக்கு லாரி ஒப்பந்தம், எனக்கு வாயில் வேலை, ஊருக்கு ஒரு மருந்தகம் என்று பேச்சு. சபையில் ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் எழுந்து நின்றாள்.

"நம்ம பாட்டன் பூட்டனும் படகுலதான் வந்தாங்க. வந்தவங்களுக்கு இந்த மண்ணு சோறு போட்டுச்சு, பூட்டு போடல. நான் கை வைக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் பாக்கைத் துப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த மாதம் காய்ச்சல் வந்து இரண்டே நாளில் செத்துப்போனாள். அந்தச் சாவில் யார் கையும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததில்தான் இருந்தது.

பெண்கள் எல்லோரும் இஞ்சியிலை பறிக்கப் போயிருந்த நேரம். அக்காவின் உடலருகே நான் மட்டும் இருந்தேன். அண்ணன் காகிதத்தோடு உள்ளே வந்தான். நான் காகிதத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ஏண்டா முழிக்கிற? கடைசி விருந்து வரைக்கும் மண்ணு அக்காவோடதுதானே? அப்ப அக்கா கை வெச்சா செல்லும்ல. இதுல பொய் எங்கடா இருக்கு?"

நான் மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அக்காவின் கை இறுக மூடியிருந்தது. அண்ணன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். உள்ளே மடங்கியிருந்த பெருவிரல்தான் கடைசியாக வந்தது. காகிதத்தில் முந்தின நாள் தேதி போட்டோம். சாகும்போது அம்மா சம்மதித்தாள் என்று அவள் மகள் சலோமியிடம் சொன்னோம். சலோமி எங்களை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து எங்கள் இருவர் வீட்டிலும் அவள் தண்ணீர் கூடக் குடித்ததில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான் எங்களுடையது.

கடைசி விருந்தை ஒரு வருஷத்தில் வைத்திருக்க வேண்டும். விருந்து வைத்தால் மண் சலோமிக்குப் போய்விடும், அவள் 'மாட்டேன்' என்று சொல்லிவிடுவாள். அதனால் அண்ணன் ஒருமுறை பன்றி மெலிந்திருக்கிறது என்றான், மறுமுறை கிழங்கு விளையவில்லை என்றான். ஒன்றரை வருஷம் இப்படியே ஓட்டினான்.

செத்தவளை அந்த மண்ணிலேயே உட்கார வைத்து அவளைச் சுற்றிக் கட்டடம் எழுப்பியவர்கள் நாங்கள்தான்.

அந்தத் திங்கட்கிழமை கெல்வின் என்பவர் கதவுகளுக்கு மெஷின் பொருத்திக்கொண்டிருந்தார். தலைநகரத்துக்காரர், வழுக்கைத் தலை, வாய் ஓயாத மனிதர். பெருவிரலை வைத்தால் கதவு திறக்கும், திரையில் ஆளின் பெயர் வரும். என் விரலை வைக்கச் சொன்னார். வைத்தேன்.

திரையில் அக்காவின் பெயர் வந்தது.

இது யார் என்று கேட்டபடி கெல்வின் அந்தப் பெயரை உரக்கப் படித்தார். நான் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். மனிதர் பயந்துபோனார். நில உரிமையாளர் பட்டியல் மெஷினில் கலந்திருக்கும், சரி செய்துவிடலாம் என்று என்னைச் சமாதானப்படுத்தினார். ஆனால் ஒன்றரை வருஷமாக ஊரில் யாரும் சொல்லாத பெயர் அந்த வெற்று நடைக்கூடத்தில் கடைசி வரை போய் எதிரொலித்துவிட்டது.

அன்று உச்சி வெயிலில்தான் முதலில் கேட்டேன்.

ஈர்க்குமாறால் பெருக்கும் சத்தம்.

சர்ர்க். சர்ர்க்.

நடைக்கூடத்தில் யாரும் இல்லை. சிமெண்ட் தரையில் மட்டும், மணல் முற்றத்தைப் பெருக்கினால் விழுகிற அதே வரிகள். அவை ஒவ்வொரு அறை வாசலாகப் போய், ஒன்பதாம் அறை முன்னால் நின்றிருந்தன. வீட்டுக்காரி ஆள் வரப்போகிற இடத்தைக் கூட்டி வைத்தது போலிருந்தது. அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பாக்கு போதை தலைக்கேறிவிட்டது என்று சிரித்தான்.

வியாழக்கிழமை அவனே வந்தான். மறுநாள் அதிகாரிகள் வருகிறார்கள், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டை, புதுச் செருப்பு. கெல்வினும் நானும் பின்னால் போனோம். ஒன்பதாம் அறைக்குள் நுழைந்து, கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு முறை குதித்தான்.

"மெத்தையப் பாருடா. நம்ம வீட்டுல கூட இப்படி இல்ல. பேசாம நாமளே உள்ள இருந்துடலாம்."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

காற்று இல்லை. யாரும் தொடவில்லை. தூங்குகிற குழந்தையின் அறையைச் சாத்துவது போல அவ்வளவு பதமாகச் சாத்தியது.

கெல்வின் சிரித்துக்கொண்டே தன் விரலை வைத்தார். திறக்கவில்லை. நான் வைத்தேன், திறக்கவில்லை. திரையில் ஒரே வரி வந்தது: 'உரிமையாளர் சம்மதம் இல்லை'.

கெல்வின் சிரிப்பை நிறுத்தினார். இப்படி ஒரு வாக்கியம் இந்த மெஷினிலேயே கிடையாது என்றார். மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தார். திரை அணைந்தது, பூட்டு விடவில்லை. கதவை அறுக்கிற இயந்திரத்தைக் கொண்டு வந்தார். காற்றில் நன்றாகச் சுழன்ற தகடு கதவைத் தொட்டதும் நின்றது. மூன்று முறை அப்படியே நடந்தது. மூன்றாம் முறைக்குப் பிறகு அவர் இயந்திரத்தைக் கீழே போட்டுவிட்டு வாசல் பக்கமாக நடந்தார். நான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கதவின் நடுவே சாப்பாடு கொடுக்க ஒரு சின்னத் துளை இருந்தது. அண்ணன் அதன் வழியாக முதலில் கேலி பேசினான், பிறகு கெல்வினின் வம்சத்தையே திட்டினான். பிறகு சத்தம் நின்றது. துளை வழியாக இஞ்சியிலை வாசனை கனமாக வந்தது. நான் காதை வைத்தேன்.

"மிசியேலு..."

"சொல்லுண்ணே."

"அக்கா வந்திருக்கு."

"எங்கண்ணே?"

"கட்டில்ல. என் பக்கத்துல."

நான் துளையை இன்னும் ஒட்டிக்கொண்டு கேட்டேன்.

"என்ன கேக்குது?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"கை."

பிறகு அவன் அழ ஆரம்பித்தான். என் அண்ணன் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சலோமியிடம் ஓடு, இன்றைக்கே கடைசி விருந்தை வைக்கச் சொல், என் பன்றிகள் அத்தனையையும் வெட்டச் சொல், அக்காவை வழியனுப்பச் சொல் என்று துளையில் வாயை வைத்துக் கெஞ்சினான். நான் ஓடினேன். பின்னால் ஏதோ சுவரில் தட்டுகிற சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சலோமி சமையல் கொட்டகையில் மற்றப் பெண்களோடு கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க அண்ணனைப் பற்றிச் சொன்னேன். யாரும் எழவில்லை.

"அம்மா எதுக்கு அவரைப் பூட்டணும், சின்ன மாமா? அம்மாதான் சம்மதிச்சுக் கை வெச்சாங்களே."

அவள் கத்தியை நிறுத்தவில்லை. அவளுக்குத் தெரியும். என் வாயால் வர வேண்டும் என்று காத்திருந்தாள். நான் மண்ணில் உட்கார்ந்து, அத்தனை பெண்கள் முன்னாலும் சொன்னேன். மைப்பெட்டியைச் சொன்னேன், மூடியிருந்த கையைச் சொன்னேன், எந்த விரல் கடைசியாகப் பிரிந்தது என்பதையும் சொன்னேன். ஒரு கிழவி எழுந்து வந்து என் முகத்தில் துப்பினாள். துடைக்கத் தோன்றவில்லை.

"இப்ப விருந்து வைம்மா. மாமன் உயிரு போயிடும்," என்றேன்.

சலோமி கிழங்கைச் சட்டியில் போட்டாள்.

"விருந்து வரைக்கும் மண்ணு அம்மாவோடதுன்னு சொன்னது பெரிய மாமாதானே? அப்ப அந்த மண்ணுல யாரை உள்ள விடணும், யாரை வெளிய விடணும்னு அம்மாதான் சொல்லணும். அவங்க பூட்டினதைத் திறக்க நான் யாரு?"

"நீ அவ மகம்மா."

"ஆமா. அதனாலதான் சொல்றேன். அந்த வேலி எப்ப மண்ணுல இல்லாம போகுதோ, அன்னிக்குப் பன்னி வெட்டலாம். அது வரைக்கும் அம்மா உக்காந்திருக்கட்டும்."

சொன்ன சொல்லில் கோபமே இல்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

நான் திரும்பி வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. ஒன்பதாம் அறை திறந்து கிடந்தது.

வெள்ளைச் சுவர் வெள்ளையாக இல்லை.

தரையிலிருந்து கை எட்டும் உயரம் வரை, நான்கு சுவரிலும், கட்டிலின் அடியிலும், கதவின் உட்புறத்திலும், பெருவிரல் ரேகைகள். ஒன்றை ஒட்டி ஒன்று, வரிசை பிசகாமல். கதவருகே இருந்தவை நீலமாக இருந்தன. அந்த அறையில் மை என்பதே கிடையாது. உள்ளே போகப் போக நீலம் சிவப்பாக மாறியது, கடைசி வரிசைகளில் ரேகையே இல்லை, வெறும் கறை.

அண்ணன் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வலது பெருவிரலில் சதை இல்லை. அதைத் தூக்கி மறுபடி சுவரில் வைத்தான். நான் அவன் தோளைப் பிடித்தேன். திரும்பாமலே சொன்னான்.

"இன்னும் பத்தலையாம்டா."

அவன் சாகவில்லை. மருந்தகத்தில் இரண்டு கையையும் துணியால் கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டை அவிழ்த்தால் சுவரைத் தேடுகிறான்.

கெல்வின் அடுத்த படகிலேயே போய்விட்டார். கூலிக்காரர்கள் யாரும் வரவில்லை. கம்பெனி கப்பலை ஒத்திப்போட்டது, வேலியைத் தொடவில்லை. நடந்ததை எல்லாம், அக்காவின் கையைப் பிரித்தது உட்பட, நானே எழுதி அனுப்பினேன். ஆவணங்கள் எல்லாம் முறைப்படி சரியாக இருப்பதாக ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது.

அதனால் வேலியை நானே பிடுங்குகிறேன். கம்பியை வெட்டி, சிமெண்டை உடைத்து, தூணைக் கயிறு கட்டிச் சாய்க்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயது உடம்புக்கு ஒரு நாளைக்கு ஒரு தூண்தான் முடிகிறது. முந்நூறுக்கு மேல் பாக்கி நிற்கிறது. தனியாள் எத்தனை நாள் செய்வாய் என்று ஊரார் கேட்கிறார்கள், யாரும் கை கொடுப்பதில்லை. ஓடிப்போக வேண்டியதுதானே என்றும் ஒருவன் கேட்டான். எங்கே ஓடினாலும் மைப்பெட்டி பிடித்த கை என்னோடுதானே வரும்.

ஒன்பதாம் அறையைச் செங்கல் வைத்து மூடிவிட்டேன். பத்தாம் அறைக் கதவைப் பூட்டி, மேலே பலகையும் அடித்திருந்தேன். போன வாரம் பலகை கீழே கிடந்தது, கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. மறுநாள் இரண்டு விரல். நான் தூணைப் பிடுங்குகிற வேகத்தைவிட அது வேகமாகத் திறக்கிறது.

இன்று காலை முழுவதும் திறந்திருந்தது. உள்ளே தரையைக் கூட்டி, சுவரோரமாக ஓர் ஆளுக்குப் பாய் விரித்து வைத்திருந்தது.