கூரையில் போட்ட எருமைத் தோல்

அசர் தொழுகைக்கு விரித்த பாயில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது அஜீஸுன்னிசாவின் நெற்றியில் விழுந்து உதடு வரை வழிந்தது. வெதுவெதுவென்று இருந்தது, கரித்தது. சித்திரை வெயிலில் திண்டுக்கல்லே காய்ந்து கிடக்கிறது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகூட இல்லை. பிறகு எங்கிருந்து ஒழுகுகிறது?

அண்ணாந்து பார்த்தாள். கூரையில் பாய் அகலத்துக்கு ஈரம் படர்ந்திருந்தது. உப்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை இறங்கியது, கணவர் ஹாமித் கிடங்கிலிருந்து சட்டையில் கொண்டுவருவாரே, அதே வாடை. அவர் மார்கழியில் மௌத்தாகி, அடக்கமும் ஆகிவிட்டது.

இது அவர் வேலைதான் என்று அவளுக்குத் தெரியும். ஐப்பசி மழைக்கு முன்னால் கான்கிரீட்டில் விரிசல் விட்டபோது கொத்தனார் தெளிவாகத்தான் சொன்னார்: விரிசலைக் கொத்தி அடைத்து மேலே தட்டு ஓடு பதியுங்கள், கோடைக்குக் கோடை வெள்ளை அடியுங்கள், வெயிலும் இறங்காது, மழையும் இறங்காது. தோல் வியாபாரியிடம் போய் அதைச் சொன்னால் எடுபடுமா? மயிர்கூட வழிக்காத எருமைத் தோல் ஒன்றை உப்போடு கொண்டுவந்து விரிசல் மேல் விரித்து, சுண்ணாம்புச் சாந்து பூசிவிட்டார்.

"மழையத் தாங்குறதுக்கு எருமைத் தோல விட ஒலகத்துல என்ன இருக்கு?" என்று பெருமை வேறு. அந்த மழைக்கு ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

சாயங்காலம் கொழுந்தன் முனீர் வந்தான். வாடை தாங்காமல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"மதினி, வித்துட்டு எங்க வீட்டுக்கு வந்துருங்க. எனக்கு இங்க நிக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

"வாடக வீட்டுல ஒழுகுற எடத்துக்கெல்லாம் சட்டி வச்சு வச்சு ஓஞ்சு போய்ட்டேன். இது என் வீடு, முனீரு. கூரைதான கெட்டுப்போச்சு? கூரையச் சரி பண்ணுறேன். நீ செத்த நேரம் வெளிய இரு."

உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். சாந்து பொரிந்து பொரிந்து வந்தது. அடியில் விரிசல் இருந்தது, உலர்ந்து, சுத்தமாக. தோலைக் காணோம். ஒரு மயிர்கூட இல்லை. ஓரடி பின்வாங்கினாள். பயந்ததற்காகத் தன்மீதே கோபம் வந்தது.

இறங்கி வந்து விளக்கைப் போட்டாள். கூரையின் வெள்ளைப் பூச்சுக்குள்ளிருந்து கருப்பாக, மெலிதாக, கட்டைமயிர் முளைத்திருந்தது. காற்று இல்லை. மயிர் மட்டும் ஒரே பக்கம் படிந்து படிந்து எழுந்தது.

ஹாமித் தோலில் மயிர் வழிக்கும் கத்தியை எடுத்தாள். முக்காலியைப் போட்டு ஏறினாள். வழித்தாள். வழித்த இடம் சூடாக இருந்தது. உள்ளே ஏதோ மெல்லத் துடித்தது.

கூரை சிலிர்த்தது.

மாடு ஈயை விரட்ட உடம்பை அசைக்காமல் தோலை மட்டும் சுண்டுமே, அப்படி. முக்காலி ஆடியது. அவள் குதித்து இறங்கினாள்.

தரை மெத்தென்று இருந்தது. சிமெண்டுத் தரை. வெறுங்காலுக்கு அடியில் மயிர் குத்தியது.

"மதினி, வெளிய வாங்க." முனீர் வாசலிலிருந்து கத்தினான்.

மறுபடியும் அந்தச் சிலிர்ப்பு. கூரையில் கிளம்பியது. சுவர் வழியாக இறங்கியது. தரைக்கு வந்தது. அவள் காலை நோக்கி வந்தது.

ஈ யாரென்று அவளுக்குப் புரிந்தது.

கத்தியை இறுகப் பிடித்தாள். நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒதறு பாப்போம்," என்றாள்.

வாசல் நிலையில் கருமயிர் முளைத்தது. முனீர் நின்ற வெளிச்சம் சுருங்கியது. வீடு மூச்சை இழுத்தது.