டின்னுக்குள் முளைத்த பூசணம்

அம்மா சட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். சட்டியில் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்த தண்ணீர். அதை எங்கே கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எப்பவும் ஊத்துற எடத்துலயே ஊத்தும்மா,” என்றாள் ராக்காயி.

“வேணாம் ஆயி. நான் ஊத்துனதுலதான் அந்த மரமெல்லாம் சாவுது.”

மலாயாவில், ஈப்போ நகரின் ஓரத்தில் இருந்த அந்தப் பெரிய பங்களா முன்பு ஒரு வெள்ளைக்காரருடையது. ஜப்பான் படை வந்ததும் அவர் ஓடிப்போனார். இப்போது அதில் ஒரு ஜப்பானிய அதிகாரி இருந்தார். கேட்டிலிருந்து சமையல்கட்டு வரை அழகுக்காக நட்ட புங்கூர் மரங்கள் வரிசையாக நின்றன. ஊதாப் பூ பூக்கும் மரங்கள். அவற்றின் கீழே கூட்டிப் பெருக்குவதுதான் ராக்காயியின் அம்மா மாரியம்மாவுக்கு வேலை. பின்னால் இருந்த கொட்டகையில் இருவரும் தங்கியிருந்தார்கள்.

அதற்கு முன் அவர்கள் செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். சண்டை வந்த பிறகு ரப்பரை வாங்க ஆள் இல்லை. அப்பா சன்னாசியைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

இந்த மழைக்காலத்தில் புங்கூர் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. இலைகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. அம்மா சமையல்கட்டு மரத்தடியில் மரவள்ளித் தண்ணீர் ஊற்றுவதைக் கேட்டில் நின்ற சிப்பாய் பார்த்துவிட்டான். அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஆடுகூடச் செத்துப்போகும். அவன் போய் அதிகாரியிடம் சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை கதிரவேலு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்; முன்பு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். இப்போது அதிகாரி பேசுவதைத் தமிழில் சொல்வது அவர் வேலை. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அவருடைய தடித்த மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்துக்குக் கம்பி கிடையாது, நூல்தான்.

“வெள்ளிக்கிழமை விசாரிக்கப் போறார். மரத்துக்கு விஷம் வைச்சது எண்டு முடிவானால் லொறியில ஏத்திப்போடுவினம்,” என்றார்.

லாரியில் ஏறியவர் யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

அம்மா அழவில்லை. “நானே ஒத்துக்கிறேன்லா. இல்லன்னு சொன்னா புள்ளையையும் சேத்து ஏத்துவான்,” என்றாள்.

ராக்காயி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மரங்களிடம் போனாள். கேட்டுப் பக்கத்து மரங்கள் மொட்டையாக நின்றன. அம்மா தண்ணீர் ஊற்றிய சமையல்கட்டு மரம் இன்னும் பச்சையாக இருந்தது.

அவள் ஓடி வந்தாள். “கிராணி ஐயா, தண்ணி குடிச்ச மரம் நல்லா இருக்கு. குடிக்காததுதான் சாவுது.”

“தண்ணி மண்ணுக்குள்ள ஓடிப்போச்சுது எண்டு சொல்லுவார், பிள்ளை. அவருக்கு ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்.”

ராக்காயி உதிர்ந்த இலை ஒன்றை எடுத்துப் பார்த்தாள். புள்ளிக்குள் வட்டம், வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். நடுவில் ஊசிமுனை அளவில் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

அவளுக்கு அப்பாவின் நினைவு வந்தது. தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் கொட்டகையில் அப்பாவுக்கு வேலை. மழை நாளில் ஷீட் சரியாகக் காயாவிட்டால் அதில் பூசணம் பூத்துவிடும். “பூசணத்துக்கு ஈரம் கெடைச்சா நமக்குச் சோறு கெடைச்ச மாதிரி,” என்று அப்பா திட்டுவார்.

விஷத்துக்கு ஈரம் கொடுத்தால் அது வளராது. பூசணம் வளரும்.

குப்பையிலிருந்து இரண்டு சிகரெட் டின்களைப் பொறுக்கிக் கழுவினாள். முதல் டின்னில் நனைத்த துணியை விரித்து, புள்ளி விழுந்த இலையை வைத்தாள். அதன்மேல் சமையல்கட்டு மரத்து நல்ல இலை ஒன்று. இரண்டாவது டின்னில் துணியை மரவள்ளித் தண்ணீரில் நனைத்து, நல்ல இலையை மட்டும் வைத்தாள். இரண்டையும் மூடினாள்.

கதிரவேலு எட்டிப் பார்த்தார். “உதென்ன, இலைக்கறியோ?”

“திங்க முடிஞ்சா நேத்தே தின்னுருப்போம் ஐயா.”

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி மரத்தடிக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே லாரி நின்றது. அம்மா தலைமுடியை முடிந்துகொண்டு வந்து, ‘ஆமாம்’ என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் ராக்காயி முன்னால் போய்க் குனிந்து வணங்கினாள். வணங்காவிட்டால் அறை விழும். பிறகு டின்களை நீட்டினாள்.

“கிராணி ஐயா, ரெண்டையும் தொறந்து பாக்கச் சொல்லுங்க.”

கதிரவேலு வெளியே நின்ற லாரியை ஒருமுறை பார்த்தார். ஆனாலும் சொன்னார்.

இரண்டாவது டின்னில் இலை வாடிக் கிடந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. முதல் டின்னில் கறுப்பு முனைகளின் மேல் சின்னச் சின்னதாக ரோஜா நிறத் துளிகள் பூத்திருந்தன. மேலே வைத்த நல்ல இலையிலும் புதுப்புள்ளிகள் விழுந்திருந்தன.

அதிகாரி கண்ணைச் சுருக்கினார். துளிகள் மிகச் சிறியவை.

“ஐயா, ஒங்க கண்ணாடி,” என்றாள் ராக்காயி.

“என்ர கண்ணாடியோ? அது இல்லாட்டி எனக்கு நீயும் மரமும் ஒண்டுதான்.” சொல்லிக்கொண்டே நூலை அவிழ்த்துக் கொடுத்தார்.

ராக்காயி கண்ணாடியை இலைக்கு மேலே பிடித்தாள். துளிகள் பெரிதாகத் தெரிந்தன. அதிகாரி வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னார்.

“பூசணமாம்,” என்றார் கதிரவேலு. “விஷம் இல்லையாம்.”

அம்மா ஓடிவந்து ராக்காயியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. மேலும் ஏதோ சொன்னார். பூசணம் பரவக் கூடாதாம். எல்லா மரங்களையும் வெட்டி எரிக்க வேண்டுமாம். மரம் இல்லாத இடத்தில் இலை கூட்ட ஆள் வேண்டாமாம்.

“சமையல்கட்டு மரத்த மட்டும் விடச் சொல்லுங்க ஐயா. அது இன்னும் பச்சையா இருக்கு.”

கதிரவேலு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். “சிலதை நான் அவரிட்டச் சொல்லுறதில்லை, பிள்ளை,” என்றார் மெதுவாக.

மதியத்துக்குள் எல்லா மரங்களும் விழுந்தன. லாரி அந்தக் கட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது.

அம்மா மிச்சமிருந்த மரவள்ளியை வேகவைத்துத் துணியில் கட்டினாள்.

“எங்கம்மா போறோம்?”

“செமோருக்குத்தான். அங்க வேலையும் இல்ல, சோறும் இல்ல. ஆனா ஒங்கப்பா வந்தா மொதல்ல தோட்டத்து லயத்து வீட்டுலதான் தேடுவாரு.”

ராக்காயி துணி மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

அம்மா சட்டியைத் தூக்கினாள். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. நேரே போய்ச் சமையல்கட்டு மரம் நின்ற இடத்தில், வெட்டிய அடிக்கட்டையைச் சுற்றித் தண்ணீரை ஊற்றினாள்.

பிறகு இருவரும் கேட்டைத் தாண்டி நடந்தார்கள். அம்மாவின் ஒரு கையில் காலிச் சட்டி இருந்தது. மறு கையில் ராக்காயியின் கை இருந்தது.